பேர் லவால் நடை இரவு: எங்கிருந்து கிளம்புவது, எதை மூட்டை கட்டுவது

மொரிஷியஸின் சென்ட் க்ருவாவில் இருக்கும் லவால் அடிகளாரின் கல்லறையை வருடத்தில் எந்த நாளும் போய்ப் பார்க்கலாம். சாதாரண வாரநாள் காலையில் போனால் நெரிசல் இருக்காது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வர அரை மணி போதும். அவருடைய நினைவுநாளுக்கு முந்தின இரவான செப்டம்பர் 8 அன்று போனால் அதே கல்லறை முன் சில நொடிகள்தான் நிற்க முடியும். பின்னாலிருந்து ஆள் வந்துகொண்டே இருக்கும். அப்படியிருந்தும் தீவின் நான்கு பக்கமிருந்தும் மக்கள் அந்த ஓரிரவைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இரவில் கிடைப்பது நடை. மெழுகுவர்த்தியும் பூவும் அதன் முடிவில் வருகிறவை. எனவே இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி சாலைக்கும் காலுக்கும்தான் போகும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. ழாக் தெசிரே லவால் 1803-ல் பிரான்சின் நார்மண்டியில் பிறந்தவர். மருத்துவம் படித்து மருத்துவராக இருந்துவிட்டு, 1838-ல் குருவானார். 1841 செப்டம்பர் 14 அன்று மொரிஷியஸில் வந்திறங்கினார். அடிமைமுறை இங்கே 1835-ல்தான் ஒழிந்திருந்தது. விடுதலையானவர்கள் பெயருக்குத்தான் சுதந்திரர்கள்; அவர்களைச் சமமாக உட்காரவைத்துப் பேச ஆளில்லை. லவால் அவர்களுடைய கிரியோல் மொழியைக் கற்று அதிலேயே போதித்தார், அவர்களிலிருந்தே உபதேசியார்களைப் பழக்கி எடுத்தார். 1864 செப்டம்பர் 9 அன்று காலமானார். இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையான பின் நடத்திய முதல் அருளாளர் பட்ட விழாவில், 1979 ஏப்ரல் 29 அன்று, அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. அதற்கு அடுத்த படியான புனிதர் பட்டம் இன்னும் வரவில்லை. மொரிஷியஸ் மக்கள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை; வீட்டில் காய்ச்சல் என்றாலும் பரீட்சை என்றாலும் ‘பேர் லவால்’ என்று கூப்பிடுகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. பேர் என்பது பிரெஞ்சில் தந்தை. தமிழில் எழுதும்போது ‘லவால் பேர்’ என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள், பொருளே மாறிவிடும்.

முதல்முறை வருகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று: செப்டம்பர் 9 அரசு விடுமுறை இல்லை. தைப்பூசக் காவடிக்கு விடுமுறை உண்டு, மகா சிவராத்திரிக்கு உண்டு, அடிமைமுறை ஒழிந்த பிப்ரவரி 1-க்கும் உண்டு. இந்த நாள் பட்டியலில் இல்லாமலே தேசத்தின் நாளாகிவிட்டது. 2019-ல் திருத்தந்தை பிரான்சிஸ் மொரிஷியஸ் வந்ததும் இதே செப்டம்பர் 9 அன்றுதான்; மாரி ரேன் த லா பே குன்றில் திருப்பலி நடத்தி, கல்லறைக்கும் போய் வந்தார். உங்களுக்கு இதில் நடைமுறைப் பொருள் இதுதான்: 9-ஆம் தேதி வேலைநாளாக விழுந்தால் விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். இரவு முழுக்க நடந்துவிட்டு அப்படியே வேலைக்குப் போவோம் என்பவர்கள் பத்து மணிக்கு மேஜையில் தலை சாய்ப்பார்கள். தூக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீங்கின காலை மறுபடி சப்பாத்துக்குள் நுழைப்பதுதான் பெரும்பாடு.

இனி சாலை.

வழக்கமான வழி மேட்டுநிலத்திலிருந்து ராயல் ரோடு வழியாக இறங்குவது. கியூர்ப்பிப், பீனிக்ஸ், காத்ர் போர்ன், ரோஸ் ஹில், போ பாசேன், கொரோமண்டல், கிரான் ரிவியேர், போர்ட் லூயி, அங்கிருந்து நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில் சென்ட் க்ருவா. கியூர்ப்பிப்பிலிருந்து முழுவதும் நடந்தால் சுமார் 23 கிலோமீட்டர். காத்ர் போர்னிலிருந்து 17-க்கு முன்பின்னாக, ரோஸ் ஹில்லிலிருந்து 13. கூட்டத்தோடு போகும்போது மணிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள்; தனியாக 5 நடப்பவரும் அன்று 4-க்கு வந்துவிடுவார். அதன்படி ரோஸ் ஹில்லிலிருந்து மூன்றரை மணி நேரம், கியூர்ப்பிப்பிலிருந்து ஓய்வையும் சேர்த்து ஏழு.

தூரத்தைவிடக் கவனிக்க வேண்டியது இறக்கம். கியூர்ப்பிப் கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது, போர்ட் லூயி கடற்கரையில். முழு வழியும் மொத்தத்தில் கீழ்நோக்கித்தான். ‘இறக்கம்தானே, சுலபம்’ என்று நினைப்பதில்தான் பலருக்கும் கால் போகிறது. ஏற்றம் மூச்சை வாங்கும், ஆனால் உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறக்கம் முழங்காலையும் கால்விரல் நகத்தையும் பிடிக்கும், உட்கார்ந்து எழுந்தால் இன்னும் வலிக்கும். ஒவ்வோர் அடியிலும் பாதம் சப்பாத்துக்குள் முன்னால் சறுக்கி விரல் நுனி மோதுகிறது. பத்தாயிரம் தடவை மோதினால் பெருவிரல் நகம் கறுத்துப்போகும். போ பாசேன் தாண்டி கொரோமண்டலிலிருந்து கிரான் ரிவியேருக்கு இறங்கும் பகுதி இந்த விஷயத்தில் மோசமானது. களைத்த காலோடு அங்கே வருகிறீர்கள் என்பதால் இரட்டிப்பு மோசம்.

இதற்கு மருந்து செலவில்லாதது. நகத்தை நான்கு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். முந்தின நாள் வெட்டினால் ஓரம் கூர்மையாக இருந்து பக்கத்து விரலைக் கிழிக்கும். சப்பாத்தின் கயிற்றைக் கீழே தளர்வாகவும் கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் கட்டுங்கள், குதிகால் பின்னால் ஒட்டி நிற்க வேண்டும். நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் எட்டிவைக்காமல் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். இரண்டு வாரமாவது போட்டுப் பழகியதாக இருக்கட்டும்.

கொப்புளம் வேறு கதை. அது ஈரத்தாலும் உரசலாலும் வருவது. பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும், தோல் ஊறும், ஊறின தோல் சீக்கிரம் உரியும். நைலான் கலந்த விளையாட்டுக் காலுறை நல்லது. இன்னொரு ஜோடியைப் பையில் வைத்து ரோஸ் ஹில் அருகில் மாற்றுங்கள். கிளம்பும் முன் குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாசலின் மெலிதாகத் தடவுங்கள். நடக்கும்போது ஓரிடத்தில் சூடாக எரிகிற மாதிரி இருந்தால் ‘அடுத்த ஊரில் பார்க்கலாம்’ என்று தள்ளாமல் அங்கேயே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். எரிச்சலுக்கும் கொப்புளத்துக்கும் நடுவில் கால் மணி நேரம்தான் இருக்கிறது.

வெறுங்காலில் போகலாமா என்று நம் வீடுகளில் கட்டாயம் ஒரு கேள்வி வரும். தைப்பூசத்துக்குக் காவடியோ பால்குடமோ எடுத்துப் பழகினவர்களுக்கு அது இயல்பான கேள்வி. ஆனால் இரண்டு நடைக்கும் அளவு வேறு. காவடி ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை, சில கிலோமீட்டர், பகல் வெளிச்சம், வழியில் தண்ணீர் ஊற்றித் தாரைக் குளிர்விக்கிற மக்கள். அங்கே எதிரி சூடு. இங்கே தார் குளிர்ந்துதான் இருக்கும், எதிரி இருட்டு: கண்ணாடித் துண்டு, ஜல்லி, மூடியில்லாத சாக்கடை ஓரம். 23 கிலோமீட்டர் வெறுங்காலில் என்பது பத்து நாள் விரதம் இருந்து உடம்பைத் தயார் செய்தவருக்கும் நல்ல யோசனை ஆகாது. நேர்ந்துகொண்டவர்கள் போர்ட் லூயி நகருக்குள் நுழைந்த பிறகு, தெருவிளக்கு உள்ள கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவர்கள் அதுவும் செய்யக்கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெட்டுப்பட்டது விடிந்த பிறகுதான் தெரியும்.

கொரோமண்டல் வழியாக நடக்கும்போது ஊர்ப் பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சோழமண்டலம் என்ற சொல்தான் ஐரோப்பியர் வாயில் கொரோமண்டல் ஆனது. நம் முன்னோர் கப்பலேறின கரையின் பெயர் இந்தத் தீவில் ஒரு ஊராக நிற்கிறது, அதற்குள்ளாகப் பாதி நாடு மெழுகுவர்த்தியோடு நடந்துபோகிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

குளிருக்கு வருவோம். செப்டம்பரில் கியூர்ப்பிப்பின் இரவு 15 டிகிரி அருகே இருக்கும், தூறலும் சாதாரணம். போர்ட் லூயி அதைவிட நான்கைந்து டிகிரி வெதுவெதுப்பு. கிளம்பும்போது தடித்த ஸ்வெட்டர் போட்டவர் காத்ர் போர்னில் அதை இடுப்பில் கட்டுவார், ரோஸ் ஹில்லில் பிள்ளையிடம் கொடுப்பார், கிரான் ரிவியேரில் சுமையென்று திட்டுவார். மெல்லிய இரண்டு சட்டையும் மடித்தால் கைக்குள் அடங்கும் மழைச்சட்டையும் போதும். குடை வேண்டாம்; கூட்டத்தில் அடுத்தவர் கண்ணில் குத்தும்.

பையின் எடை இரண்டு கிலோவைத் தாண்டக்கூடாது. ரோஸ் ஹில்லிலிருந்து நடப்பவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும், மேலிருந்து வருகிறவருக்கு ஒன்றரை. வழியில் வாங்கலாம் என்பதால் கூடுதலாகச் சுமப்பது வீண். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் கெண்டைக்காலில் பிடிப்பு வரலாம், கொஞ்சம் உப்பும் உள்ளே போக வேண்டும். காதோ பிமா இதற்குப் பொருத்தம்: பருப்பு வடைதான், உப்பும் காரமும் உண்டு, கையில் வைத்தே தின்னலாம். சைவமாகவே இருக்க வேண்டும் என்பவர்கள் அதே எண்ணெயில் இறைச்சிச் சமோசா பொரிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து தோல் பூரி (உள்ளே பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) கொண்டுபோகிறவர்கள் பிளாஸ்டிக்கில் சுற்றினால் ஆவி தங்கி இரண்டு மணி நேரத்தில் கூழாகும். ஆறவைத்துத் தாளில் சுற்றுங்கள். உள்ளே கெட்டியான பீன்ஸ் கறி மட்டும் போதும். தக்காளிக் குழம்பான ரூகாய் ஒழுகிப் பையைப் பாழாக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். ஏழு மணிக்கு லேசாகச் சாப்பிட்டு எட்டரைக்கு நடையைத் தொடங்கினால் உடம்பு ஒத்துழைக்கும்.

பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் ஒரு தாளில் தொலைபேசி எண் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், கைபேசியை நம்பாதீர்கள். நள்ளிரவுக்கு மேல் பாதிப் பேரின் பேட்டரி இறந்திருக்கும். எங்காவது பிரிந்தால் எங்கே நிற்பது என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ‘கோயில் வாசல்’ என்று சொல்லி வைத்தால் பயனில்லை. அந்த வாசலில் எல்லோரும்தான் இருப்பார்கள். சற்றுத் தள்ளி ஒரு கடை, ஒரு பேருந்து நிறுத்தம் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நடைபாதை இல்லாத இடங்களில் சாலையின் வலப்பக்கம் நடங்கள், எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணில் படும். வெளிர் நிறச் சட்டை கட்டாயம். கறுப்புச் சட்டையில் இருட்டில் நடப்பவரை ஓட்டுநரால் கடைசி நொடி வரை பார்க்க முடியாது.

எங்கிருந்து கிளம்புவது என்பதற்கு எங்கள் முடிவு: முதல்முறை என்றால் ரோஸ் ஹில். இரவின் முழுச் சுவையும் அந்த 13 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஊருக்கு ஊர் கூட்டம் வந்து சேர்வது, செபமாலையும் பாட்டும், வீட்டு வாசலில் நின்று தேநீர் நீட்டுகிற முகம் தெரியாத அம்மாக்கள், எல்லாமே. கியூர்ப்பிப்பிலிருந்து நடப்பது நேர்ந்துகொண்டவர்களுக்கும், அதற்கு முந்தின இரண்டு மாதம் வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது நடந்து பழகினவர்களுக்கும். மற்றவர்களுக்கு மேலிருந்து கீழே மெட்ரோ இருக்கிறது. 2022 முதல் கியூர்ப்பிப் வரை ஓடுகிறது, வேண்டிய ஊரில் இறங்கி நடக்கலாம். அறுபதைத் தாண்டினவர்களும் மூட்டுவலிக்காரர்களும் மெட்ரோவில் போர்ட் லூயி இம்மிகிரேஷன் ஸ்குவேர் வரை வந்து, அங்கிருந்து சென்ட் க்ருவாவுக்கான கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மட்டும் நடக்கலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. போக்குவரத்து ஏற்பாடும் சாலை மூடலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், காவல்துறை அறிவிப்பை அந்த வாரத்திலேயே பாருங்கள். காரில் திருத்தலத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

திருத்தலத்துக்குள் நுழைந்ததும் முதலில் மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்துக்குப் போகாமல் கல்லறை வரிசைக்குப் போங்கள். மெழுகுவர்த்தியைப் பிறகும் ஏற்றலாம், வரிசை நேரம் ஆக ஆக நீளும். கல்லறைமேல் அடிகளாரின் வண்ணம் தீட்டிய சுதை உருவம் படுத்த நிலையில் இருக்கிறது. தொட்டுத் தொட்டே வழவழப்பாகிவிட்டது. பூவோ கைக்குட்டையோ வைத்துத் தொட விரும்பினால் வரிசையில் நிற்கும்போதே கையில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கிட்டே போன பிறகு பையைத் துழாவினால் உங்களுக்கும் நேரம் போகும், பின்னால் நோயாளியைத் தாங்கிக்கொண்டு நிற்பவருக்கும் சிரமம். தேங்காய் உடைப்பதும் கற்பூரம் ஏற்றுவதும் இங்கே கிடையாது. கற்பூரக் கரி சுவரில் படிந்தால் லேசில் போகாது. பூவும் மெழுகும் போதும். மனத்தில் உள்ளதை எந்த மொழியிலும் சொல்லலாம்.

மெழுகுவர்த்தியில் பலர் ஏமாறுவது நீளத்தில். நீளமாக, ஒல்லியாக இருப்பது அழகுதான். நூற்றுக்கணக்கான சுடர் நெருங்கி எரியும் இடத்தில் பக்கத்துச் சூட்டிலேயே அது வளைந்து சாய்ந்துவிடும், திரி மெழுகில் மூழ்கி அணையும். ஒரு விரல் தடிமனுக்குக் குறையாமல், ஒரு சாண் நீளத்துக்கு மேல் போகாமல் வாங்குங்கள். கண்ணாடிக் குவளையில் வருவது வீட்டுக்கு நல்லது, இந்தக் கூட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் சூடேறி விரிசல் விடும். மேல்வரிசையில் ஓரமாக நடுங்கள், நடுவில் சூடு அதிகம். கையில் ஏந்தி நடப்பவர்கள் காகித அட்டையில் துளையிட்டு அடியில் மாட்டிக்கொண்டால் மெழுகு விரலில் சொட்டாது. நீண்ட கூந்தலையும் சேலைத் தலைப்பையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், இது வேண்டுகோள்.

அருகிலேயே உள்ள கடையும் அடிகளாரின் அங்கி, கடிதங்கள், படங்கள் வைத்த கண்காட்சியும் தரமானவை. ஆனால் அந்த இரவில் பார்க்க முயல வேண்டாம். ஒரு சாதாரண நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாக வாருங்கள். வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு ஓரளவு கூட்டம் வரும், மற்ற நாட்கள் அமைதி. அப்படி வரும்போது நிக்கோலே சாலையில் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலையும், நம்மவர் வாயில் கைலாசம், சேர்த்துப் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை, பல தமிழ்க் குடும்பங்கள் ஒரே நாளில் இரண்டு வாசலிலும் நின்று கும்பிட்டுத்தான் வீடு திரும்புகின்றன. ரெயூனியனிலிருந்து விமானமேறி வரும் உறவினர்களுக்கு இந்த அமைதியான நாளையே சொல்வோம், அவர்கள் நடைக்காகவே வரவில்லை என்றால்.

குறைகள் உண்டு, மறைக்கத் தேவையில்லை. கழிப்பறைதான் பெரிய குறை. இத்தனை ஆயிரம் பேருக்கு எந்தச் சாலையும் கட்டப்படவில்லை. பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது நிஜமான கஷ்டம். கிளம்பும் முன் ஒருமுறை, நடுவழியில் திறந்திருக்கும் பெட்ரோல் நிலையத்தைக் கண்டால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது குப்பை. தண்ணீர்ப் போத்தலைச் சாலையோரம் வீசிவிட்டு அடிகளாரிடம் போய் என்ன கேட்பது? காலிப் போத்தலை நசுக்கினால் பையில் இடம் பிடிக்காது. மூன்றாவது, ஒலிபெருக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும் சில இளைஞர் கூட்டங்கள். அவர்களுக்கு உற்சாகம், பக்கத்தில் செபமாலை சொல்லும் பாட்டிக்கு இடைஞ்சல். நேரத்தைத் தேர்ந்தால் இதைத் தவிர்க்கலாம்: இரவு பத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் சத்தமும் நெரிசலும் உச்சம். விடியற்காலை மூன்று மணிக்கு ரோஸ் ஹில்லில் கிளம்பினால் சாலை அமைதியாக இருக்கும், கிரான் ரிவியேர் தாண்டும்போது கிழக்கு வெளுக்கும், காலைத் திருப்பலிக்குள் சென்ட் க்ருவா வந்துவிடும். தூக்கமும் பாதி மிச்சம். எங்கள் பரிந்துரை இந்த நேரம்தான். குறிப்பாகப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: நடைக்கு ஐந்தில் ஐந்து, திருத்தலத்துக்கு நான்கரை, வழி வசதிகளுக்கு இரண்டரை.

திரும்பும்போது நடக்கவேண்டாம். மூட்டை முடிச்சோடு எல்லோரும் ஒரே நேரத்தில் பேருந்தைத் தேடுவார்கள் என்பதால், நகரத்துக்குள் கொஞ்சம் நடந்து வந்து இம்மிகிரேஷன் ஸ்குவேரில் மெட்ரோ ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்ததும் கயிற்றைத் தளர்த்துங்கள், ஆனால் சப்பாத்தைக் கழற்றிவிடாதீர்கள், வீங்கின கால் திரும்ப உள்ளே போகாது. வீடு சேர்ந்ததும் வெந்நீரில் காலை வைக்காமல் முதலில் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம், பிறகு துடைத்துவிட்டுத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்காமல் மூடிவையுங்கள். கறுத்த நகத்துக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை; புதுநகம் முழுதாக வளரப் பல மாதமாகும், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும்போதும் அந்தக் கறுப்பின் மிச்சம் விரலில் இருக்கும்.